பப்பாளிக்குள் நடக்கும் போர்



ஜொகூர், பத்து பகாட் வட்டாரத்தில் 2003-ஆம் ஆண்டு பப்பாளி மரங்களைப் புதிய நோய் ஒன்று தாக்கியது. முதலில் இலைக்காம்பிலும் தண்டிலும் நீர் கோத்தது போன்ற கறை தெரியும். பிறகு குருத்து அழுகி, மரத்தின் தலை சாய்ந்துவிடும். 1987-இல் மார்டி வெளியிட்ட, ஏற்றுமதியில் பெயர் வாங்கிய எக்சோதிகா ரகமும் தப்பவில்லை. எர்வினியா மல்லோத்திவோரா என்ற பாக்டீரியாதான் காரணம் என்று மார்டி ஆய்வாளர்கள் 2011-இல் அறிவித்தனர்.

நோய் கண்ட மரத்தை வெட்டி அழிப்பதே வழக்கம். பார்த்துப் பார்த்து வளர்த்த தோட்டக்காரருக்கு எவ்வளவு வேதனை! அப்படியானால் மரத்துக்குத் தற்காப்பே கிடையாதா?

உண்டு. செடிகளுக்கு இரத்தமில்லை, வெள்ளணுக்களும் இல்லை. ஒவ்வோர் உயிரணுவும் தனக்குத் தானே காவல். அதன் மேற்பரப்பில் உள்ள புரதம் கிருமியை அடையாளம் கண்டதும், பக்கத்துப் புரதத்தின்மேல் பாஸ்பேட் என்னும் சின்னஞ்சிறு துகள் ஒட்டப்படுகிறது. அது அடுத்ததைத் தூண்டும். இப்படிச் சில நிமிடங்களிலேயே செடி விழித்துக்கொள்கிறது. ஆபத்து நீங்கியதும் துகள் கழற்றப்பட வேண்டும். எந்நேரமும் போர்க்கோலத்தில் நிற்கும் செடி சரியாக வளராது.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. தக்காளியைத் தாக்கும் ஒரு பாக்டீரியா தன் புரதத்தைச் செடிக்குள் செலுத்துகிறது. அது காவல் புரதங்களின்மேல் யுபிகுவிட்டின் என்ற அடையாளத்தை ஒட்டுகிறது. அந்த அடையாளம் விழுந்த புரதத்தைக் குப்பையென எண்ணிச் செடியே சிதைத்துவிடும். வீட்டுக்காரர் கையாலேயே காவல் நாயைக் கொல்லும் தந்திரம்! ஆனால் 1993-இல் பிரித்தெடுக்கப்பட்ட ‘பிடோ’ மரபணு உள்ள தக்காளி ஏமாறுவதில்லை. பிடோ புரதம், துணைப் புரதம் ஒன்றோடு சேர்ந்து எதிரியின்மேலேயே பாஸ்பேட்டை ஒட்டி அதை முடக்குகிறது.

பப்பாளியின் நிலை என்ன? அதன் மரபணுத் தொகுதி 2008-இல் வெளியானது. ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் முக்கிய வகை மரபணுக்கள் சுமார் 55 மட்டுமே அதில் இருந்தன. கடுகு இனத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 150-க்கும் மேல் உண்டு. பப்பாளிக்குக் காவலர்கள் குறைவு.

ஆகவே இருக்கும் காவலர்கள் விரைந்து விழிக்கும் ரகத்தைத் தேடுவது ஆய்வாளர் கடமை. முதல் கறையைக் கண்டவுடன் விவசாய இலாகாவுக்குத் தெரிவிப்பதும், கத்தியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த மரத்தைத் தொடாதிருப்பதும் தோட்டக்காரர் கடமை. மரம் தன் போரை நடத்தட்டும். எதிரிக்கு வழிகாட்டியாக மனிதர் இருக்க வேண்டாம்.