குரைப்பும் பழக்கமும்



என் வீட்டில் ஒரு நாய் உண்டு. தேனி மாவட்டத்துக் கோம்பை இனம். செம்பழுப்பு மேனி, கரிய முகவாய். செவலை என்று பெயரிட்டோம். எட்டு மாதக் குட்டியாக இருந்தபோதே ‘உட்கார்’, ‘படு’, ‘வா’, ‘கூட நட’ என்னும் நான்கு கட்டளைகளையும் விரைவில் கற்றுக்கொண்டது. ஆயினும் அந்த நாட்களில் எங்கள் தெருவில் எவரும் மாலைக் காப்பியை நிம்மதியாக அருந்தியிருக்க மாட்டார்கள். உட்கார் என்றால் உட்காரும்; உட்கார்ந்தபடியே குரைக்கும். கூட நட என்றால் நடக்கும். என் முகத்தை அண்ணாந்து பார்த்துக் குரைத்துக்கொண்டே நடக்கும். சொல் கேளாத நாயைத் திருத்த வழியுண்டு. சொன்னதையெல்லாம் செய்துகொண்டே குரைக்கும் நாயிடம் குற்றம் என்று எதைச் சுட்டுவது?

அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இளைப்பாறி வந்தார். ஒருநாள் மெல்ல நடந்து மதிலருகே வந்து, “தம்பி, உங்கள் மாணவன் நன்றாகத்தான் படிக்கிறான், கொஞ்சம் வாய்விட்டுப் படிக்கிறான்” என்றார். அவ்வளவே. அன்றிரவே என் தாயார் தீர்ப்பளித்துவிட்டார். பொங்கலுக்குள் இது அடங்காவிட்டால் ஊரிலுள்ள தோப்புக்கு அனுப்பிவிட வேண்டும். தோப்பு என்றால் சங்கிலி. பகல் முழுதும் தென்னை மரத்தடியில் கட்டுண்டு கிடக்கும் வாழ்வு. அப்போது கார்த்திகை பிறந்திருந்தது. எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் தவணை.

முதலில் நான் செய்தது அனைவரும் செய்வதுதான். “சும்மா இரு!” என்று அதட்டினேன். அது இன்னும் உரக்கக் குரைத்தது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் தமக்கை மகன், “மாமா, நீங்களும் சேர்ந்து குரைக்கிறீர்கள் என்று அது நினைத்துக்கொள்கிறது” என்றான். பன்னிரண்டு வயதுப் பையன் சொன்னதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் பொறுமையிழந்து, கையிலிருந்த தோல்வாரால் அதன் முதுகில் ஓர் அடி வைத்தேன். குரைப்பு நின்றது. வென்றுவிட்டதாக எண்ணினேன். ஆனால் வாரை எடுத்த மாத்திரத்தில் துள்ளி ஓடிவரும் நாய், அதற்கு மறுநாள் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. வா என்றழைத்தேன், வயிறு தரையில் தேய ஊர்ந்து வந்தது. நான் வேண்டிய அமைதி அதுவன்று. மீண்டும் என் கையை அது முகர்ந்து பார்க்க மூன்று நாட்கள் ஆயின. அந்த மூன்று நாட்களும் பாடத்தை நிறுத்திவைத்துவிட்டு நூலகத்தில் கழித்தேன்.

செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பாவ்லாவ், உணவை வாயில் இட்ட பிறகு மட்டுமன்றி, உணவு வரப்போகிறது என்பதற்கான அறிகுறி தோன்றியவுடனேயே நாய்க்கு வாயில் நீர் ஊறுவதைக் கண்டார் என்பதை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். செவலைக்கு நீரோடு குரலும் சேர்ந்து ஊறியது! இன்னொரு செய்தி என்னை அதிகம் உறுத்தியது. ஜெர்மனியில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போடுவதாகப் புகழ் பெற்றிருந்தது. விடை எத்தனையோ அத்தனை முறை குளம்பால் தட்டும். 1907இல் ஆஸ்கார் பூங்ஸ்ட் என்பவர் அதை ஆராய்ந்து, கேள்வி கேட்பவர் தம்மை அறியாமல் செய்யும் மிகச் சிறிய தலையசைவைப் பார்த்தே குதிரை தட்டுவதை நிறுத்துகிறது என்று காட்டினார். அப்படியானால் செவலை என்னிடம் எதைப் பார்த்துக் குரைக்கிறது? பையனையே கவனிக்கச் சொன்னேன். அவன் தாளில் எழுதிக் கொடுத்தான்: கட்டளையிடுமுன் மாமா முன்னே சாய்கிறார், குரலை உயர்த்துகிறார், தின்பண்டப் பைக்குள் கையை விடுகிறார், சில சமயம் எதைச் சொல்வதென்று தயங்கி நிற்கிறார். நான் தயங்கிய ஒவ்வொரு முறையும் நாய் குரைத்திருந்தது.

ஆகவே பயிற்சி எனக்கே தொடங்கிற்று. வாரைக் கையிலெடுத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பேன். ஒன்றும் நிகழாது. இப்படிப் பலமுறை செய்யச் செய்ய, வாரைக் கண்டதும் பொங்கும் வேகம் நாளடைவில் தணிந்தது. வாசலில் நடத்திய மாலைப் பாடத்தைக் கொல்லைப்புறத்துக்கு, காலை நடைக்குப் பிந்திய வேளைக்கு மாற்றினேன். ஒரு தடவைக்கு மூன்றே நிமிடம். கட்டளையைத் தணிந்த குரலில் சொல்வேன். அமைதியாக உட்கார்ந்தால், ‘சரி’ என்று மெல்லச் சொல்லி, வேகவைத்த ஈரலில் ஒரு சிறு துண்டு கொடுப்பேன். குரைத்தால் தூணைப்போல் நின்று வேறு பக்கம் பார்ப்பேன்.

முதல் மூன்று நாட்களில் குரைப்பு மிகுந்தது. இதை எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும். எப்போதும் திறக்கும் கதவு ஒருநாள் திறக்காவிட்டால் நாம் மேலும் பலமாகத் தட்டுவதில்லையா? அந்த நேரத்தில் மனமிரங்கி ஈரலைக் கொடுத்திருந்தால், இன்னும் உரக்கக் குரைக்க வேண்டும் என்பதையே நான் கற்பித்திருப்பேன். ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சன்னலைச் சாத்திக்கொண்டார்.

இரண்டாம் வாரத்தில் வேறொரு சங்கடம். செவலை ஒருமுறை குரைக்கும், உடனே நிறுத்தும், என் கையைப் பார்க்கும். குரைப்பு, நிறுத்தம், ஈரல் என்று மூன்றையும் ஒரே பாடமாகக் கோத்துக்கொண்டுவிட்டது. பிழை அதனுடையது அன்று. குரைப்பு ஓய்ந்த கணமே கூலி கொடுத்த கை என்னுடையது. அதன்பின், குரைத்துவிட்டால் மனத்துள் பத்து வரை எண்ணி, பிறகு எளிய கட்டளை ஒன்றைச் சொல்லிப் புதிதாகத் தொடங்கினேன். அதைவிட முக்கியமாக, குரைப்பு எழுமுன்பே கூலி கொடுத்தேன். முதலில் ஒரே ஓர் அடி நடந்ததும் ‘சரி’, பிறகு இரண்டடி, பிறகு ஐந்தடி. எட்டாம் அடியில் வாய் திறக்கிறது என்று கண்டால் ஆறாம் அடியிலேயே நிறுத்திக்கொள்வேன். மார்கழி நடுவில் இருபது அடிவரை வந்தோம். ஒருநாள் தெருவில் ஐஸ் வண்டி மணி ஒலிக்க, மீண்டும் மூன்றடிக்கே இறங்க நேர்ந்தது. மறுநாள் காலை மூன்றிலிருந்து தொடங்கினோம்.

இரவில் அயலார் கதவருகே வந்தால் அது குரைப்பதை நான் தடுத்ததில்லை. கோம்பை நாயைக் காவலுக்கென்றே வளர்த்தவர்கள் நம் முன்னோர்.

தைப்பொங்கலன்று காலை கொல்லையைச் சுற்றி ஒரு முழுச் சுற்று, குரலெழுப்பாமல் நடந்து வந்தது. வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தாயார் அடுப்படியிலிருந்து பார்த்தார். தோப்பைப் பற்றிய பேச்சு அன்று எழவில்லை. சற்று நேரத்தில் ஆசிரியர் கரும்போடு வந்து, “என்ன, உங்கள் மாணவன் மனத்துக்குள்ளேயே படிக்கத் தொடங்கிவிட்டானா?” என்று கேட்டார். செவலை அவரைப் பார்த்து ஒரே ஒரு முறை குரைத்தது. பாடம் முடிந்துவிட்ட நேரம். ஆகையால் நான் அதைக் கவனியாதவன்போல் கரும்பை வாங்கிக்கொண்டேன்.