மகமைக் கணக்கும் மைதானமும்

மைதானத்திலிருந்து காலில் புழுதியோடு நேரே வந்த பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மகமை என்றால் என்ன என்று காரைக்குடியில் நின்று விளக்கினால் சிரிப்பீர்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நம் முன்னோர், தர்மத்துக்கென்று வியாபாரத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தார்கள். கோயில் திருப்பணிகள் அந்தப் பணத்தில் நடந்தன. மனசு வந்தால் கொடுப்பது நன்கொடை. மனசு வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டியது மகமை.

இதைத்தான் தில்லி 2013-ல் சட்டமாக்கியது. கம்பெனிகள் சட்டம், 135-ஆவது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எந்தெந்தப் பணிக்கு என்று சொல்லும் ஏழாவது அட்டவணையில் விளையாட்டும் இருக்கிறது. அங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். கிராமப்புற விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, பாராலிம்பிக், ஒலிம்பிக் விளையாட்டு, இவற்றை வளர்க்கப் 'பயிற்சி' என்று போட்டிருக்கிறது. பரிசு என்று போடவில்லை. பனியன் என்றும் போடவில்லை. மாரத்தான், விருது மாதிரி ஒரு நாள் நிகழ்ச்சிகள் இந்தக் கணக்கில் சேராது என்று 2014-லேயே மத்திய அரசு சுற்றறிக்கையும் விட்டது.

நம் பக்கம் நடப்பது என்ன? ஒரு கபடிப் போட்டிக்குப் போயிருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். பேனர் இரண்டு ஆள் உயரம். பிள்ளைகளுக்கெல்லாம் பனியன், முதுகில் கொட்டை எழுத்தில் கம்பெனி பெயர். அடுத்த மாதம் அதே பிள்ளைகள் வெளியூர்ப் போட்டிக்கு ரயில் டிக்கெட் எடுக்கக் கடைவீதியில் உண்டியல் குலுக்கினார்கள், அதே பனியனைப் போட்டுக்கொண்டு! இதைவிட நல்ல விளம்பரம் யாருக்குக் கிடைக்கும்?

சட்டம் வருவதற்கு முன்பே உருப்படியாகச் செய்தவர்கள் உண்டு. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனி எம்.ஆர்.எஃப். டயரில் பேர் வாங்கிய பிறகு, 1987-ல் சென்னையில் வேகப்பந்து வீச்சுக்கென்றே ஒரு பயிற்சி மையம் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து டென்னிஸ் லில்லி வந்தார். பொன்னாடை வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. 2012 வரை, 25 ஆண்டு அவர்தான் அங்கே வாத்தியார். அவருக்குப் பிறகு மெக்ரா. சிறுவன் சச்சின்கூட வேகமாகப் பந்து வீசும் ஆசையில்தான் அங்கே போனார். மட்டையைக் கவனி என்று லில்லி திருப்பி அனுப்பினார். ஆளைச் சரியாகத் திருப்பி அனுப்புவதும் பயிற்சியில் சேர்த்திதான். அங்கே தேறிய ஸ்ரீநாத் டெஸ்டில் 236 விக்கெட் எடுத்தார், ஜாகீர் கான் 311. இந்த ஜாகீர் பம்பாய்க்காரர் இல்லை ஐயா, மகாராஷ்டிரத்தில் ஸ்ரீராம்பூர் என்ற சின்ன ஊர்.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. கானாடுகாத்தான் அரண்மனைப் பிள்ளை எம்.ஏ. சிதம்பரம் 1960 முதல் 1963 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவர். சேப்பாக்கம் மைதானத்துக்கே அவர் பெயர். எழும்பூரில் ஆடும் ஹாக்கித் தங்கக் கோப்பையில் பள்ளத்தூர் முருகப்பா பெயர். கேட்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் பள்ளத்தூரிலிருந்து எழும்பூர் எவ்வளவு தூரம், யோசித்தீர்களா?

தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடு என்கிறது சட்டம். ஆலை உள்ள ஊருக்கு அது வரம். வீட்டை இங்கே பூட்டிவிட்டு, தொழிலை எங்கோ நடத்தும் நமக்கு? முன்னுரிமை என்றுதான் எழுதியிருக்கிறதே தவிர, பூர்வீக ஊருக்குக் காலணா கூடாது என்று எழுதவில்லை.

வள்ளல் அழகப்பர் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தபோது எந்தச் சட்டமும் அவரைக் கேட்கவில்லை. அவர் பெயரில் இதே ஊரில் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்து வெளியே வரும் ஒரு பிள்ளைக்கு மூன்று வருஷச் சம்பளத்தை ஒரு கம்பெனி ஏற்கட்டும். சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு முட்டை, போட்டிக்குப் போகவர ரயில் செலவு. இவ்வளவுதான் கேட்கிறேன். கோப்பை வேண்டாம், அலமாரியில் இடமில்லை.

கூட்டம் முடிந்ததும் பின்வரிசைப் பிள்ளைகள் மைதானத்துக்குத்தான் திரும்புவார்கள். நானும் போகிறேன். வர விரும்பும் ஐயாமார் கூடவே வாருங்கள். அங்கே விளக்கு கிடையாது, இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.