பாடு என்னும் சொல்



பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் நமக்குப் ‘பாடு’ என்னும் சொல் புதியதன்று. ஏரியில் இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் வலையிடுவது என்று முறைவைக்கும் ஏற்பாடே பாடு. மரபுரிமை பெற்ற மீனவக் குடும்பங்களுக்கே அஃது உரியது. அம்மரபில் நம்மவர்க்கு இடமில்லை. தமக்கெனத் துறையின்றிக் கையால் இறால் தடவிப் பிழைத்தோர் பலர்.

கத்தோலிக்க மக்கள் தவக்காலத்தில் தியானிப்பதும் பாடுகளையே. சாம்பல் புதன் முதல் உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னாள் வரை, ஞாயிறுகள் நீங்கலாக, 40 நாள் நோன்பு; வெள்ளிதோறும் 14 நிலைகளாகச் சிலுவைப்பாதை. புலால் துறப்பது மட்டும் நோன்பாகாது. நுகத்தை முறிப்பதும், பசித்தவரோடு உணவைப் பகிர்வதுமே நோன்பு என்பது எசாயா இறைவாக்கினர் காட்டிய நெறி.

அந்நெறி மறந்த இடத்தில் கலையும் சாதிக்குத் துணைபோகும். வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில், சாதியினரைப் பிரித்து அமர்த்தவே இரு கால்களாகக் கட்டப்பெற்றது. தடுப்புச்சுவர் 1910இல்தான் வீழ்ந்தது. கட்டியதும் மனிதர் கையே. இடித்ததும் மனிதர் கையே.

‘பாடு’ என்பதற்கு மூன்றாவது பொருளும் உண்டு. அஃது ஏவல்: நீ பாடு! துன்பத்தை ஊமையாய்ச் சுமவாதே, கலையாக்கு என்பதே அதன் கருத்து. யாழ்ப்பாணத்தில் அருட்தந்தை நீ. மரியசேவியர் 1965இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். தவக்காலந்தோறும் திருப்பாடுகளின் நாடகத்தை அம்மன்றம் மேடையேற்றியது. போர்க்காலத்திலும் அதன் கலைப்பணி ஓயவில்லை. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் நம் பெண்மக்கள் பறையை நிமிர்ந்து நின்று முழக்குகின்றனர். அந்தந்த மக்களின் இசைக்கு வழிபாட்டில் இடமளிக்க வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1963இல் அறிவித்தது. ஆயினும் சாவுப்பறை என்னும் இழிசொல் நம் காதினின்று இன்னும் அகலவில்லை.

இளைஞர்காள்! எம்மதத்தினராயினும் சரி, இத்தவக்காலத்தில் நாம் துறக்க வேண்டுவது அந்த நாணத்தையே. நம் பாட்டிமார் பட்ட பாட்டை அவர்தம் ஒப்பாரி மெட்டிலேயே நாடகமாக்குவோம். பறையை நாமே முழக்குவோம். ஒருவேளை உணவைக் குறைத்துச் சேரும் காசில் ஏழைப் பிள்ளைக்கு ஏடும் எழுதுகோலும் வாங்கித் தருவோம். ஏரியில் நமக்குப் பாடு மறுக்கப்பட்டிருக்கலாம். பாடும் உரிமையை மறுக்க எவராலும் இயலாது.