குடல் தளர்ந்தார்க்கு ஊரே துணை
(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடினாலும், வேர் அழுகிய பயிர் வாடிப் போவதை நாம் கண்டிருக்கிறோம். நீரும் உரமும் இருந்தால் மட்டும் போதாது. அவற்றை உறிஞ்சுவதற்கு வேர் வேண்டும். மனித உடலுக்கு வேராக அமைந்திருப்பது சிறுகுடல். உண்ட உணவின் சத்தும், பருகிய நீரும், உப்பும் பெரும்பாலும் அங்கேதான் உடலில் சேருகின்றன. வளர்ந்தவர்களின் சிறுகுடல் ஏறத்தாழ 20 அடி நீளம் உடையது. நோயினாலோ அறுவையினாலோ அது ஆறேழு அடிக்கும் குறைந்துவிட்டால், எவ்வளவு உண்டாலும் உடல் தேறாமற் போகக்கூடும். இந்நிலையையே மருத்துவர்கள் குடல் செயலிழப்பு என்கின்றனர்.

காலம் தாழ்த்தற்க

இந்நிலை எவ்வாறு நேருகிறது? சிலருக்குக் குடல் முறுக்கிக்கொள்கிறது. சிலருக்குக் குடலுக்குச் செல்லும் நாளத்தில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குக் குடல் அழற்சியும், வேறு சில குழந்தைகளுக்குப் பிறவிக் குறையும் காரணமாகின்றன. இரத்த ஓட்டம் நின்ற குடல் சில மணி நேரத்திலேயே அழியத் தொடங்குகிறது. அழிந்த பகுதியை வெட்டி நீக்குவதன்றி வேறு வழியில்லை.

ஆதலின் திடீரென்று பொறுக்கவொண்ணாத வயிற்றுவலி தோன்றினாலும், அதனுடன் வாந்தியும் வயிற்று உப்புசமும் சேர்ந்தாலும், கஷாயம் கொடுத்துப் பொழுது விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. உடனே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். அன்று இரவு நாம் இழக்கும் நேரம், ஒருவருடைய குடலையே இழக்கச் செய்யலாம்.

குழாய் வழி ஊட்டம்

குடல் ஓரளவேனும் இயங்குமாயின், அதனையே பயன்படுத்த வேண்டும் என்பது மருத்துவர்களின் முதல் விதி. வாயால் உண்ண இயலாதவர்க்கு மூக்கின் வழியே இரைப்பைக்கு மெல்லிய குழாய் செலுத்திச் சில வாரங்கள் ஊட்டலாம். நெடுங்காலம் தேவைப்பட்டால் வயிற்றுச் சுவரில் சிறு துளையிட்டு, இரைப்பையிலேயே குழாயைப் பொருத்துவர். பெரிய அறுவையின்றி, உள்நோக்குக் கருவியின் துணையால் இதனைச் செய்யும் முறை 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் முதலில் கையாளப்பட்டது. பக்கவாதத்தாலும் தொண்டைப் புற்றுநோயாலும் விழுங்க முடியாதவர்களுக்கும் இதே முறை பயன்படுவதால், இத்தகைய நோயாளிகளை நம் கிராமங்களிலும் காணலாம்.

இவர்களைப் பேணுவோர் சில விதிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். ஊட்டுவதற்கு முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. குழாய் இடம் பெயராமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. ஊட்டும்போதும் அதன் பின் சிறிது நேரமும் நோயாளியின் தலைப்பக்கம் உயர்ந்திருத்தல் வேண்டும். மல்லாந்து படுத்திருந்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் சென்றுவிடும். ஊட்டத்திற்கு முன்னும் பின்னும் தூய நீர் செலுத்திக் குழாயைக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். ஆக்கிய கஞ்சியை நெடுநேரம் வெளியில் வைத்துச் செலுத்துதல் ஆகாது.

நாளத்தின் வழி ஊட்டம்

குடலே இயங்காதவர்க்கு என்ன செய்வது? 1960-களில் பிலடெல்பியா நகரின் அறுவை மருத்துவர் ஸ்டான்லி டட்ரிக், முதலில் நாய்க்குட்டிகளுக்கு இரத்த நாளத்தின் வழியே மட்டும் ஊட்டமளித்து, அவை நன்கு வளர்வதைக் கண்டார். 1967-இல் சிறுகுடல் ஏறக்குறைய முழுவதும் செயலற்றுப் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு அம்முறை கையாளப்பட்டது. குழந்தை எடை கூடி வளர்ந்தது. அதுகாறும் அத்தகைய குழந்தைகள் பட்டினியால் மாள்வதே வழக்கமாக இருந்தது.

சர்க்கரை, புரதத்தின் கூறுகள், கொழுப்பு, உப்புகள், வைட்டமின்கள் ஆகிய அனைத்தும் அந்தக் கரைசலில் உண்டு. அடர்த்தி மிக்க அக்கரைசலைக் கையிலுள்ள சிறு நாளத்தில் செலுத்தினால் அந்நாளம் வெந்து புண்ணாகும். இதயத்தை அடுத்த பெருநாளத்தில் செலுத்தினால், பாயும் இரத்தத்தில் உடனே கலந்து நீர்த்துவிடும். உரக் கரைசலைச் சிறு பாத்தியில் கொட்டுவதற்கும், பெருகியோடும் கால்வாயில் கலப்பதற்கும் உள்ள வேறுபாடே இது. கொழுப்பை நாளத்தில் செலுத்தத்தக்க பால்மமாக ஆக்கிய பெருமை சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் ரெட்லிண்டைச் சாரும். அதற்குப் பயன்பட்டவை சோயா எண்ணெயும் முட்டை மஞ்சட்கருவின் சத்துமேயாம்.

நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் குர்ஷீத் ஜீஜீபாய், கனடாவின் டொராண்டோ நகரில், குடலை இழந்த ஒரு பெண்மணிக்கு 1970-இல் இம்முறையைத் தொடங்கினார். அப்பெண்மணி தம் இல்லத்திலேயே இவ்வூட்டத்தைப் பெற்று, குடும்பத்துடன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழ்ந்தார். நாளத்தில் ஊட்டம் பெறுவோர்க்குக் குரோமியம் என்னும் நுண்சத்து குறைந்தால் நீரிழிவு போன்ற கோளாறு தோன்றும் என்று 1977-இல் எடுத்துக்காட்டியவரும் அவரும் அவர் குழுவினருமே. துத்தநாகம் குறைந்தால் நெற்பயிரின் இலை பழுப்பேறுவதை அறிந்த உழவர்க்கு, அணுவளவு சத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தூய்மையே உயிர்

வீட்டில் இவ்வூட்டத்தைப் பெறுவோர் பெரும்பாலும் இரவில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரைசலை ஏற்றிக்கொண்டு, பகலில் தம் அலுவல்களைப் பார்ப்பர். ஆயினும் இதில் பேரிடர் ஒன்று உண்டு. வாயால் உண்ணும் உணவிலுள்ள கிருமிகளை இரைப்பையும் குடலும் தடுக்கின்றன. நாளக் குழாயில் புகும் கிருமிக்கோ தடுப்பாரில்லை, நேரே இரத்தத்தில் கலந்துவிடும். ஆகவே பயிற்சி பெற்றவரன்றிப் பிறர் அக்குழாயைத் தொடலாகாது. ஊரில் ஊசி போடுபவர் அதன் வழியே வேறு மருந்து செலுத்துதல் கூடவே கூடாது. குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் தோன்றினால், அந்த நாழிகையே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். நாட்செல்லக் கல்லீரலும் கெடக்கூடுமாதலால், குறித்த காலத்தில் இரத்தச் சோதனை செய்துகொள்ளுதலும் அவசியம்.

அன்பும் அளவறிந்து

பசித்தவர்க்குச் சோறிடுவது நம் மரபு. ஆனால் குடல் தளர்ந்தாரிடம் அம்மரபே தீங்காக முடிவதுண்டு. “வாயால் உண்ணாமல் எப்படிப் பிழைப்பார்?” என்று இரங்கிச் சோறும் இளநீரும் தருவோர் உளர். சிறுகுடல் மிகக் குறுகி, வயிற்றில் திறப்பு வைக்கப்பட்டவர் வெறும் நீரை மிகுதியாகப் பருகினால், அது உடலிலுள்ள உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். அவர் மேலும் வறண்டு போவார். மருத்துவர் குறித்த அளவில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரே அவர்க்கு ஏற்றது.

ஆனால் வாயால் உண்ணுதல் எல்லோர்க்கும் அடியோடு விலக்கப்பட்டதன்று. எஞ்சிய குடல், ஓரிரண்டு ஆண்டுகளில் சற்றே விரிந்து கூடுதலாக உறிஞ்சப் பழகுகிறது. அதற்கு உதவுவது குடலில் படும் உணவே. இவ்வாறு தேறி நாள ஊட்டத்தை விட்டவர்களும் உண்டு. எதனை, எவ்வளவு உண்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும். நாம் அதன்படி நடப்போம்.

பஞ்சாயத்தின் கடமை

நாள ஊட்டம் பெரும் பொருட்செலவு உடையது. நம் நாட்டில் வீட்டிலிருந்தே அதனைப் பெறுவோர் மிகச் சிலரே. ஒருவரே ஆயினும் அவர் நம் ஊரார். அவர் வீட்டிற்குத் தூய குடிநீர் தவறாது கிடைக்கவும், வாசலில் சாக்கடை தேங்காதிருக்கவும், ஊர்தி வந்து நிற்கப் பாதை இருக்கவும் பஞ்சாயத்து பொறுப்பேற்கலாம். கரைசல் குளிர்பெட்டியில் இருக்க வேண்டியதாகையால், மின்தடை நேரும் நாளை முன்கூட்டியே அவ்வீட்டார்க்குத் தெரிவிக்கலாம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் அவர் பெயரைச் சொல்லிவைக்கலாம். இரவு பகலாய்க் கண்விழிக்கும் மனைவியின் வயலுக்கு ஒருநாள் அயலார் நீர் பாய்ச்சலாம். இவற்றுள் பெருந்தொகை வேண்டுவது ஒன்றுமில்லை.

மூக்கில் குழாயுடன் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருந்தால், சிறுவர் வேடிக்கை பார்க்காமலும் பெரியோர் விலகிச் செல்லாமலும் அருகமர்ந்து பேசுவோமாக. உணவைக் குழாய் தரும். உறவை ஊரார்தாம் தருதல் வேண்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில், நம் ஊரில் இத்தகையோர் எவரேனும் உளரா என்ற கேள்வியை உறுப்பினர் ஒவ்வொருவரும் எழுப்புமாறு கேட்டுக்கொண்டு அமைகிறோம்.