வீட்டு நம்பர் இல்லாத பிள்ளைக்கும் ஊசி உண்டு

(மட்டாஞ்சேரியில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, ரேஷன் அட்டை, போலீஸ் தொல்லை என்று பேசிவரும் இந்த மேடையில் இன்று பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அது பொம்பளைங்க விஷயமாயிற்றே, சங்கத்துக்கு அதில் என்ன வேலை என்று கமிட்டியில் சிலர் கேட்டார்கள். வேலை இருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் பஜாரில் கடைத் திண்ணையில் படுத்திருந்த ஒரு குடும்பத்தில் இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தட்டம்மை கண்டது. தாய் வேப்பிலை வைத்து, ஆத்தா வந்திருக்கிறாள் என்று விரதம் இருந்தாள். அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை, நம் வீடுகளிலும் அதுதானே வழக்கம். பிள்ளை பிழைத்தது. விசாரித்தபோதுதான் சங்கதி வெளியே வந்தது. ஒன்பது மாதம் முடிந்ததும் அவள் ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். எந்த வார்டு, வீட்டு நம்பர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். திண்ணைக்கு ஏது நம்பர்? திரும்பி வந்தவள் அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

2011 ஜனத்தொகைக் கணக்கிலேயே நாட்டில் 17 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீடற்றவர்கள் என்று எழுதியிருக்கிறது. இத்தனை பேருக்கும் கதவு நம்பர் கேட்டால் எங்கே போவார்கள்?

எங்களைப் போன்ற ரயில்வேக்காரர்களுக்கு பிளாட்பாரத்தில் படுப்பவர்கள் புதியவர்கள் அல்ல. ஒரு பழைய செய்தியைச் சொல்கிறோம். இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்ட ஆள் யார் தெரியுமா? சாய்பான் பீபி என்ற பெண். வங்கதேசத்திலிருந்து வந்தவள், வீடு வாசல் இல்லாதவள். 1975 மே மாதம் அசாமில் கரீம்கஞ்ச் ரயில் நிலைய பிளாட்பாரத்தில் அவளைக் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு வீட்டு நம்பர் யாரும் கேட்கவில்லை. நோய் ஊருக்குள் பரவிவிடும் என்ற பயம் வந்தபோது சர்க்காருக்கு பிளாட்பாரம் கண்ணில் பட்டது. போலியோ சொட்டு மருந்தும் அப்படித்தான். ரயில் நிலையத்திலும் ஓடும் ரயிலிலும் கூட பிள்ளைகளுக்குச் சொட்டு விட்டு சுண்டுவிரலில் மை வைத்தார்கள். 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்ட ஒரு குழந்தைதான் கடைசி. 2014 மார்ச்சில் இந்தியாவுக்கு போலியோ ஒழிந்த நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. ஆகவே, ஊர் ஊராய்ப் போகும் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க முடியாது என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம். தேடினார்கள், கிடைத்தார்கள்.

இன்னொன்று. தமிழன்தான் நோயைக் கொண்டு வருகிறான், வங்காளிதான் கொண்டு வருகிறான் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். 2015, 2016-இல் மலப்புறத்தில் தொண்டை அடைப்பானில் பிள்ளைகள் செத்தார்கள். 2022-இல் அங்கே தட்டம்மை பரவி டில்லியிலிருந்து குழு வந்தது. சொந்த ஊரில், சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் வந்த நோய் அது. ஊசி போடாத பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே நோய் வரும். தட்டம்மை கண்ட ஒரு பிள்ளை, ஊசி போடாதவர்கள் நடுவே 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடும். ஒரே படுதாவுக்குள் ஆறு பேர் படுக்கிற இடத்தில் கேட்க வேண்டுமா!

நம் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். ஊசி போட்டால் ராத்திரி காய்ச்சல் வரும், பிள்ளை அழும். அழுதால் வாட்ச்மேன் வந்து திண்ணையை விட்டு எழுப்புவான். மறுநாள் வேலைக்குப் போக முடியாது, கூலி போச்சு. இப்படித்தான் தாய்மார்கள் சொல்கிறார்கள், அது பொய்யும் இல்லை. விடிய விடிய அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்த ஒரு பெரியம்மா இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். ஆனால் அந்த ஒரு நாள் கூலிக்கு யார் பொறுப்பு? சங்கம் ஒரு சிறு நிதி வைக்கலாம் என்பது எங்கள் யோசனை. கமிட்டி முடிவு செய்யட்டும்.

கார்டு மழையில் நனைந்து போச்சு, பொங்கலுக்குப் போனபோது ஊரில் விட்டுவிட்டோம், இனி போட்டு என்ன பிரயோஜனம் என்கிறார்கள் சிலர். தப்பு. முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். பிறந்தவுடன் ஒன்று, 6, 10, 14 வாரத்தில், 9 மாதம் முடிந்து தட்டம்மைக்கு, ஒன்றரை வயதில் மறுபடி, பிறகு 5 வயதில். இதுதான் கணக்கு. தவறினால் தட்டம்மை ஊசியை 5 வயது வரை போடலாம். தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கானதை 7 வயது வரை போடலாம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. 1985-இல் தொடங்கி நாடு பூராவும் பரவிய திட்டம் இது, யாரும் நமக்குப் போடும் பிச்சை அல்ல.

நாம் கேட்பது இரண்டுதான். வேலைக்குப் போகிறவர்கள் திரும்பிய பிறகு, சாயங்காலத்தில், பஜாருக்கும் வாத்துருத்திக்கும் ஊசிக்காரர்கள் வர வேண்டும். விலாசம் இல்லாத பிள்ளைக்குச் சங்க ஆபீஸ் விலாசத்தை எழுதிக்கொள்ள வேண்டும். மனுவில் நேற்று வரை 62 கையெழுத்து, அதில் பாதி கைநாட்டு.

வருகிற ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்கு மட்டாஞ்சேரி படகுத் துறையிலிருந்து கணக்கெடுப்பு தொடங்குகிறது. பிள்ளையின் பெயர், வயது, எந்த ஊசி போட்டது, யார் திண்ணை என்று எழுதுவோம். கார்டு இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், செல்போனில் படம் பிடித்து ஆபீஸில் வைத்துக்கொள்வோம். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நாலு பேர் வேண்டும். இதுவரை ஒருவர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்.