பதினைந்து மணி நேரம் ஓர் ஆசனத்தில்

தமிழகத்தை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர்க்கு நெடும் பிரயாணம் புதிதன்று. ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஒன்றரை நாள் ஓடி, நாகபுரியில் ஆரஞ்சு வாங்கித் தின்று, விஜயவாடாவில் இறங்கிச் சோம்பல் முறித்து, இரவானதும் பலகையில் காலை நீட்டிப் படுத்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை நம்பி நெடுந்தூர விமானத்தில் ஏறியமையே நாங்கள் செய்த முதல் தவறு.

இன்று நம் குடும்பங்களில் மகனோ மகளோ அயல்நாட்டில் இல்லாத வீடு குறைவு. மகளுக்குப் பிரசவம் என்று கடிதம் வருவதில்லை. தொலைபேசியில் முகமே வந்து அழைக்கிறது. அறுபது வயதைத் தாண்டிய பெற்றோர், முன்பின் கடல் கடந்திராதவர்கள், மூட்டை கட்டத் தொடங்குகிறார்கள். நாமும் நம் இல்லத்தரசியாரும் அவ்வாறுதான் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் டில்லியிலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்டோம். இடையில் எங்கும் நில்லாத விமானம். 11,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். ஏறக்குறைய 15 மணி நேரம். வான்வழிகள் மூடப்பட்டால் இந்நேரம் இன்னும் நீளும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது மேல்நாட்டுப் பிரயாணங்கள் பல அவ்வாறு நீண்டன.

எகானமி வகுப்பு என்பது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்வது நலம். 1948ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி ஏர் இந்தியாவின் முதல் வெளிநாட்டு விமானம் மும்பையிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குச் சென்றபோது இத்தகைய வகுப்பே இல்லை. ஏறக்குறைய நாற்பது பேரே ஏறத்தக்க விமானம் அது. கட்டணமும் சாமானியர்க்கு எட்டாதது. 1952இல் அட்லாண்டிக் மார்க்கத்தில் ‘டூரிஸ்ட்’ வகுப்பு வந்தது. 1958இல் அதனினும் மலிவாக எகானமி வந்தது. கட்டணத்தைக் குறைத்த வழி ஒன்றுதான்: அதே கூட்டில் கூடுதல் ஆசனங்களைப் பொருத்தினார்கள். ஆகவே நாம் மலிவாக வாங்குவது பிரயாணத்தை அன்று; இடத்தைக் குறைத்துக்கொண்டு அதற்கு ஈடாகப் பணத்தை மிச்சம் பிடிக்கிறோம். பெரும்பாலான நெடுந்தூர விமானங்களில் ஓர் ஆசனத்தின் முதுகுக்கும் அடுத்த ஆசனத்தின் முதுகுக்கும் இடையே 31 அல்லது 32 அங்குலம். அகலம் 17 அல்லது 18 அங்குலம். முன்னிருப்பவர் தம் ஆசனத்தைப் பின்னே சாய்த்தால் நம் தட்டில் உள்ள தண்ணீர்க் குவளை நம் மார்பை நோக்கி வருகிறது. அவர்மீது கோபம் கொள்வதில் பயனில்லை. நாமும் சாய்த்துக்கொள்ளலாம், சாப்பாட்டு வேளையில் மட்டும் நிமிர்த்தி வைப்பது மரியாதை.

எங்களுக்கு ஜன்னலோர ஆசனமும் அதற்கடுத்த நடு ஆசனமும் வாய்த்தன. மேகத்தைப் பார்க்கலாமென்று மகிழ்ந்தோம். இரவில் மேகம் எங்கே தெரிகிறது? நடைவழி ஓரத்தில் ஓர் இளைஞர் அமர்ந்தார். நல்ல பிள்ளை, எங்கள் பைகளைத் தூக்கி மேலே வைத்தார். முதல் உணவு முடிந்ததும் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்துக்கொண்டு உறங்கிவிட்டார். இங்கேதான் நம்மவர் குணம் வெளிப்பட்டது. “பாவம், அந்தப் பிள்ளையை எதற்கு எழுப்ப வேண்டும்?” என்றார் இல்லத்தரசியார். அவரை எழுப்பாமல் கழிப்பறைக்குப் போக இயலாது. போகாமலிருக்க வேண்டுமானால் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஆகவே தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண்ணிடம் “வேண்டாம், வேண்டாம்” என்று இருமுறையும் கைகூப்பி மறுத்தார். 15 மணி நேரத்தில் அவர் எழுந்தது ஒரே ஒரு தடவை. நியூயார்க்கில் இறங்கும்போது இரண்டு கால்களும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, விமானத்தில் கொடுத்த மெல்லிய காலுறையோடு நடந்து வந்தார்.

மூன்றாம் நாள் இடது கெண்டைக்காலில் வலி கண்டது. மகள் அஞ்சி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். ஒலியலைக் கருவியை வைத்துப் பார்த்தார்கள். நல்லவேளையாக இரத்தக்கட்டு எதுவும் இல்லை. ஆனால் அந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “விமானத்தில் எத்தனை தடவை எழுந்தீர்கள்?”

இக்கேள்விக்குப் பின்னே நீண்ட சரித்திரம் இருக்கிறது. 1940இல் ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மீது குண்டு பொழிந்தபோது, மக்கள் இரவெல்லாம் பாதுகாப்பறைகளில் கித்தான் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்தபடியே உறங்கினர். காலையில் எழுந்து நடந்த முதியோருள் சிலர் திடீரென்று விழுந்து இறந்தனர். கீத் ஸிம்ப்ஸன் என்ற மருத்துவர் இதனை ஆராய்ந்து அவ்வாண்டிலேயே ‘லான்ஸெட்’ பத்திரிகையில் எழுதினார். நாற்காலியின் முன்புறக் கட்டை முழங்காலுக்குப் பின்னே அழுத்த, கால் நரம்பில் ஓடாது தேங்கிய இரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்ததே காரணம். விமானமும் இல்லை, வகுப்பும் இல்லை; நாற்காலியும் அசைவின்மையுமே வினை செய்தன. பிற்காலத்தில் இதற்கு ‘எகானமி வகுப்பு நோய்’ என்று பெயர் வந்ததும் முழுக்கப் பொருந்தாத பெயரே. முதல் வகுப்பிலும் அசையாது கிடந்தால் வரக்கூடியது. பஸ்ஸிலும் காரிலும்கூட வரலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்து பிரயாணம் செய்பவர்க்கு இந்த ஆபத்து ஏறக்குறைய இருமடங்காகிறது. அப்படியும் 6,000 பேரில் ஒருவர்க்கு என்ற அளவுதான். அச்சப்பட்டுப் பிரயாணத்தையே கைவிட வேண்டியதில்லை. ஆனால் வயது முதிர்ந்தவர், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், உடல் பருத்தவர், முன்பே இரத்தக்கட்டு கண்டவர் ஆகியோர் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். இறுக்கமான காலுறை வேண்டுமா, மருந்து வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று தாமாக ஆஸ்பிரின் விழுங்குவது கூடாது.

செய்ய வேண்டியவை எளியன. மணிக்கு ஒருமுறையேனும் எழுந்து நடைவழியில் நடக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது, தையல் இயந்திரத்தை மிதிப்பதுபோலக் குதிகாலையும் முன்பாதத்தையும் மாறி மாறி உயர்த்தித் தாழ்த்த வேண்டும். தண்ணீரைத் தயங்காது குடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசனம் தெரிந்தெடுக்கும்போதே நடைவழி ஓரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். தம்பதியர் இருவரும் நடைவழிக்கு இருபுறமும் அமர்ந்தால் பேச்சுக்கும் குறைவில்லை, எழுந்திருப்பதற்கும் ஒருவர் தயவு வேண்டியதில்லை. இறங்கிய பிறகும் சில வாரங்கள் வரை கவனம் தேவை. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் சூடும் கண்டால், அல்லது திடீரென்று மூச்சுத் திணறினால், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தண்ணீரைப் பற்றி அழுத்திச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கிறது. வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்கும் மேல். உள்ளே காற்றை அழுத்தி வைத்திருக்கிறார்கள். ஆயினும் அது தரைமட்டக் காற்றைப் போன்றதன்று. 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பானது. சிம்லாவிலோ உதகையிலோ அரை நாளுக்கு மேல் அசையாது உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதோடு ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் குறைவு. உதடு வெடிக்கும், தொண்டை வறளும், நாக்கு சுவையை இழக்கும். ஜெர்மனியில் செய்த ஒரு பரிசோதனையில், அவ்வுயரத்துக் காற்றழுத்தத்தில் உப்பும் இனிப்பும் நாவுக்கு மந்தமாகவே தெரிவது கண்டார்கள். விமானச் சாப்பாடு சப்பென்றிருக்கிறது என்ற குறையில் பாதி சமையற்காரர்மீது சுமத்தத் தக்கதன்று. மற்றப் பாதியைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மரக்கறி உண்பவர்க்கு இங்கே ஒரு கண்ணி உண்டு. டிக்கெட் வாங்கும்போதே, அல்லது புறப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக, எந்த உணவு வேண்டுமென்று பதிந்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் ‘ஹிந்து உணவு’ என்று ஒன்று இருக்கும்; எச்.என்.எம்.எல். என்பது அதன் குறியீடு. பெயரைக் கண்டு நம்பி அதைக் கேட்டால் கோழியோ மீனோ வந்து சேரலாம். மாட்டிறைச்சி இல்லை என்பதே அதன் பொருள். நம் முறையிலான மரக்கறி உணவுக்கு ஏ.வி.எம்.எல். என்று கேட்க வேண்டும். வி.ஜி.எம்.எல். என்பதும் மரக்கறியே, ஆனால் பாலும் தயிரும் அதில் இராது. தயிரில்லாது உணவு முடியாதவர்கள் இதனை நினைவில் வைக்கலாம்.

கையோடு ஊறுகாய் கொண்டுபோகலாமா என்று கேட்பார்கள். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி ஒன்று வெளிப்பட்டது முதல், கைப்பையில் எடுத்துச் செல்லும் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத புட்டியில் இருக்க வேண்டும் என்ற விதி பரவிற்று. ஊறுகாயும் நெய்யும் தேங்காயெண்ணெயும் இந்தக் கணக்கிலேயே சேரும். பருப்புப் பொடிக்கு அத்தடை இல்லையென்று மகிழ வேண்டாம். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட பொடி கைப்பையில் இருந்தால் 2018 முதல் தனிச் சோதனை உண்டு. பெரிய பொட்டலத்தைப் பெட்டியில் வைத்துவிடுவது உத்தமம். கொப்பரை தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய சரக்கு; அதை எடுத்துச் செல்லவே வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கச் சுங்கத்தார் விடமாட்டார்கள். துபாய் வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ செல்பவர் மசாலைச் சாமான்களோடு கசகசாவைக் கட்டிவிடக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது. ஆசையோடு மகளுக்குக் கட்டிய பொட்டலத்தை அதிகாரி குப்பைத் தொட்டியில் போடுவதைப் பார்ப்பது சிறு துயரமன்று.

மாத்திரைகளை ஒருபோதும் பெரிய பெட்டியில் வைக்கலாகாது. பெட்டி ஊர் மாறிப் போவதுண்டு. மருத்துவரின் சீட்டோடு, தங்கும் நாட்களுக்கு வேண்டியதைக் கைப்பையிலேயே கொள்க. இன்சுலின் சரக்கறைக் குளிரில் உறைந்து கெடக்கூடும். எந்த வேளை மருந்தை எந்த நாட்டுக் கடிகாரப்படி உண்பது என்பதை முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. முழங்கால் வலியுள்ளவர் சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அது நோயாளிக்கு மட்டுமே உரியது என்று நாணுபவர் பலர். அயல்நாட்டு விமான நிலையங்களில் நடக்க வேண்டிய தூரத்தைக் கண்டால் அந்த நாணம் அகலும்.

கழிப்பறையைப் பற்றியும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். கதவு பல விமானங்களில் நடுவே மடிந்து உட்புறம் செல்வது. இழுத்துப் பயனில்லை, நடுவில் அழுத்த வேண்டும். தாழிட்டால்தான் விளக்கு முழுதும் எரியும். நீர்ச்செம்பு இராது, காகிதமே. ஒரு சிறு காலிப் புட்டியைக் கையோடு கொண்டுபோய்க் குழாயில் நிரப்பிக்கொள்வது நம்மவர் கண்ட உபாயம். பொத்தானை அழுத்தியதும் எழும் பேரோசையைக் கேட்டு அஞ்ச வேண்டாம்; அது காற்றால் உறிஞ்சும் ஏற்பாடு.

ஆசனப் பட்டையை மட்டும் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் கட்டியே வைத்திருக்க வேண்டும், விளக்கு அணைந்திருந்தாலும். 2024 மே மாதத்தில் லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற ஒரு விமானம் மியன்மாருக்கு மேலே திடீரென்று குலுங்கியது. பலர் காயமுற்றனர், பிரயாணி ஒருவர் இறந்தார். இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் போதும். ஒரு மிட்டாய் உதவும்.

ஐந்து மாதம் கழித்து நாங்கள் திரும்பியபோது நடைவழியின் இருபுறமும் ஆசனம் கேட்டு வாங்கினோம். இல்லத்தரசியார் மணிக்கொருமுறை எழுந்து, விமானத்தின் பின்கோடி வரை நடந்து வந்தார். அங்கே நம்மைப் போன்றே பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நாலைந்து பெண்மணிகள், தெலுங்கரும் பஞ்சாபியருமாக, நின்றுகொண்டு ஒருவருக்கொருவர் கைப்பேசியில் குழந்தைப் படம் காட்டிக்கொண்டிருந்தார்களாம். செருப்பு இம்முறை சரியாகவே நுழைந்தது. உறக்கம் மட்டும் ஒழுங்குபடவில்லை. கிழக்கு நோக்கி வருகையில் உடல் புதிய நேரத்துக்குப் பழகுவது மேற்கே போவதைவிடக் கடினம். பகல் இரண்டு மணிக்கு வாசல் மணி அடித்தும் எழாமல் உறங்கி, விடியற்காலை மூன்று மணிக்கு இருவரும் சமையலறையில் காபி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தோம். பத்து நாட்கள் இப்படியே கழிந்தன.