மாத்திரையும் மனுவும் ஒரே மேசையில்



வயது வந்தோரின் மனநலத்தில் மருத்துவத்தையும் சமூகப் பராமரிப்பையும் இணைப்பது பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். இதை நினைத்தாலே எனக்கு ஒரு மஞ்சள் பை கண்முன் வந்துவிடும். மனநல சமூகப் பணியாளராக நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் மாதந்தோறும் வருவார். மகனுக்கு மனச்சிதைவு நோய். பைக்குள் மருந்துச் சீட்டு, ரேஷன் அட்டை நகல், மகனின் புகைப்படங்கள். வரிசையில் நின்று மாத்திரை வாங்குவதற்குள் நண்பகலாகிவிடும். பராமரிப்புத் தொகைக்கு மனு கொடுக்கும் அலுவலகமோ ஊரின் மறுகோடியில். அங்கே போனால் ஊனச் சான்று பழையது என்பார்கள். இங்கே திரும்பி வந்தால், சான்று தரும் நாள் புதன்கிழமை என்போம். நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

திடீரென்று அவர் வருவது நின்றது. நான்கு மாதம் கழித்து வந்தபோது மகன் மாத்திரையை விட்டு, வீட்டையும் விட்டுப் போயிருந்தார். “மாத்திரை இலவசம்தானேம்மா, ஏன் வரலை?” என்று கேட்டேன். “மாத்திரை சும்மாதான் சார் தர்றாக. நான் ரெண்டு நாள் கூலிய விட்டுல்ல வாறேன்” என்றார். அந்தப் பதிலோடுதான் இத்தனை ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறேன்.

நோய் ஒருவருக்கு, துறைகள் மூன்று. மாத்திரை மக்கள் நல்வாழ்வுத் துறையில், அடையாள அட்டை மாற்றுத்திறனாளிகள் நலத் துறையில், வருமானச் சான்று வருவாய்த் துறையில். இம்மூன்றையும் இணைக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் தாய்மார்கள் செய்துவருகிறார்கள்.

மருத்துவமும் குடும்பமும் சேர்ந்தே நிற்க வேண்டும் என்பதை நமக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் குடும்பத்தாரை உடன் தங்கவைத்துச் சிகிச்சை தந்தது. சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பிறகு 1984-இல் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பை நிறுவினார். வீடு திரும்பியவருக்கு ஒரு வேலையும், பேச நாலு பேரும் வேண்டும் என்ற அக்கறை அவருடைய பணி முழுவதிலும் இருந்தது.

அந்த அக்கறை எட்டாத இடத்தில் என்ன நடந்தது என்பதையும் இந்த அவையில் சொல்லியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு காப்பகக் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டுண்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பிள்ளைகளை அங்கே விட்டுச்சென்ற குடும்பங்களைக் கல்நெஞ்சர்கள் என்று பேசினார்கள். நான் அப்படிப் பேசமாட்டேன். பக்கத்தில் சிகிச்சையும் இல்லாமல், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளத் துணையும் இல்லாமல் போனால், எந்தக் குடும்பமும் ஒருநாள் கைவிரிக்கும்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. அதன் 19-ஆம் பிரிவு இன்னும் ஆழமானது. குடும்பம் ஏற்கவில்லை, தங்க இடமில்லை, வெளியே வசதியில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்கிறது. அப்படியானால் வீட்டுக்கு எங்கே போவது? மருத்துவர் சீட்டில் வீடு எழுதித்தர முடியாது. வாடகைக்கு வீடு பிடித்து, நாலைந்து பேரை ஒன்றாகக் குடிவைத்து, உடனிருக்க ஒரு பணியாளரையும் அமர்த்தினால் அது நடக்கும். பானியன் அமைப்பு இதைச் செய்து காட்டியிருக்கிறது.

ஊனச் சான்றிதழ் விஷயத்தில் எனக்கு நெடுநாள் வருத்தம் ஒன்று உண்டு. தன்னைப் பேணுதல், உறவாடுதல், பேச்சு, வேலை ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஊனத்தின் சதவீதம் கணக்கிடுகிறோம். மனநோயோ ஏறி இறங்கும். தாய் பக்கத்திலிருந்து மாத்திரை கொடுத்து, குளிப்பாட்டி, அழைத்துவந்த நாளில் மகன் தெளிவாகப் பேசுவார். சதவீதம், உதவி பெறத் தேவையான 40-க்குக் கீழே போய்விடும். அந்தத் தெளிவைத் தாங்கிப் பிடித்த உதவி அதோடு கைநழுவும்.

உடலையும் மறந்துவிடக் கூடாது. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டு முன்னதாகவே இறக்கிறார்கள். இதயநோய், சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாம் இதில் சேரும். நாம் தரும் மருந்துகளிலேயே சில எடையையும் சர்க்கரையையும் கூட்டுகின்றன. மனநலப் புறநோயாளிப் பிரிவில் ஒரு எடை எந்திரமும் ரத்தப் பரிசோதனையும் இருந்தாக வேண்டும்.

இந்த இணைப்பை இங்கிலாந்து முயன்று பார்த்தது. அங்கே 1991 முதல் தீவிர மனநோயாளி ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளரை நியமித்தார்கள். செவிலியரும் சமூகப் பணியாளரும் ஒரே குழுவில் அமர்ந்தார்கள். பணம் மட்டும் சுகாதாரத் துறையிலிருந்தும் நகராட்சியிலிருந்தும் தனித்தனியாக வந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் செலவிட 1999-இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. நாற்காலிகளை அருகருகே போட்டால் போதாது, நிதியும் சேர வேண்டும் என்பதை அவர்கள் அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு நாள் கருத்தரங்கில் ஆய்வாளர்கள் ஒரு கேள்விக்காவது விடை தேட வேண்டுகிறேன். மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைக்கு வரும் அதே நாளில், நலத்துறை அலுவலரும் வருவாய்த் துறை ஊழியரும் அங்கே வந்து உட்கார என்ன தடை? படிவமா, ஆணையா, ஆள் பற்றாக்குறையா? தடையின் பெயரைத் துல்லியமாக எழுதித் தாருங்கள். அரசிடம் அதை எடுத்துச்செல்வது என் பொறுப்பு.

முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பு இல்லை. மனநோயிலிருந்து மீண்ட மூவரும், வீட்டில் வைத்துப் பராமரிக்கும் இரண்டு தாய்மாரும் பேசுகிறார்கள். அவர்களுக்கு நேரக்கட்டுப்பாடு வைக்க வேண்டாம் என்று அமைப்பாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா, நீங்கள் முதலில் வாருங்கள்.